வெங்காயத்துக்குள்ளை மூண்டு பிள்ளையள்

யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை எனக்கு முன் சீற்றிலை பிறப்பு, இறப்புப் பதியிற கந்தோருக்கு வேலைக்குப் போற ரெண்டு பொம்பிளையள் இருந்தினம். கண்ணாடி போட்ட சின்னவ சொன்னா: "நேற்று மெஷின் மூண்டு பிள்ளையளை விதைவெங்காயத்துக்குள்ளை போட்டிட்டுது, அக்கா."

"என்னடி கதைக்கிறாய்?"

"பழைய தாளுகளைக் கட்டுக்கட்டா ஸ்கான் பண்ணுறமெல்லே. மெஷின் தலைப்பைப் பாத்துத்தான் பிரிக்கும். சண்டைக்காலத்திலை விதைவெங்காயப் படிவத்தின்ரை பின்பக்கத்திலை பிறப்பை எழுதி வைச்சிருக்கினம்."

ஓம், அப்ப தாள் வாறேல்லை, எனக்கும் ஞாபகம். எங்கடை ஊர்க் கடையிலை புளியையும் வாழையிலையிலைதான் சுத்தித் தந்தவை. நல்ல புளி.

அக்கா சிரிச்சா. "எடுத்து மாத்திவிடன்."

"மாத்தீட்டன். அதிலை ஒண்டு மயிலிட்டிப் பிள்ளை. கலியாணம் எழுதப் பிறப்புப் பதிவு கேட்டு நாலு மாசமா அலைஞ்சவ. பதிவு இல்லையெண்டு முந்தநாள்தான் கடிதம் போட்டனான்."

அக்கான்ரை சிரிப்பு நிண்டிட்டுது. "அவவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னனியே?"

"எடுத்தனான், அவ தூக்கேல்லை. இனி என்னோடை கதைக்க அவவுக்கு என்ன இருக்கு?"

அக்கா எழும்பி பெல்லை அடிச்சா. "இறங்கு. மயிலிட்டிக்கு நேரை போய்ச் சொல்லுவம்."

"கந்தோர்?"

"அந்தப் பிள்ளை நாலு மாசம் பொறுத்தது. கந்தோர் அரைநாள் பொறுக்கட்டும்."