முப்பத்தேழு கேடயங்களும் ஒரு வைஃபை பெட்டியும்

ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது நிமிடத்திலேயே மணியைத் தொடும் அவைத்தலைவர் அவர்களே! மின்விசிறிக்கு நேராக இடம்பிடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! என் பேச்சை முன்பே கேட்டிருந்தும் மீண்டும் வந்திருக்கும் தாய்மார்களே! ஜன்னலுக்கு வெளியே கைபேசியை நீட்டி நீட்டித் தோள் இறங்கிப்போன அடுக்ககச் சொந்தங்களே! அனைவருக்கும் வணக்கம்.

'வீட்டுப் பொருள்களைக் கொண்டே வைஃபையை வலுவாக்குவது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. சரியான ஆளைத்தான் அழைத்திருக்கிறீர்கள். நான் முயலாத பொருள் உண்டா? முடக்காத சிக்னல் உண்டா?

தையற்கார அண்ணன் சொன்னார், பெட்டியைச் சுற்றி அலுமினியத் தாளைக் கட்டினேன். என் மைத்துனர் சொன்னார், அதன் மேல் சல்லடையைக் கவிழ்த்தேன். கைபேசியில் இருந்த இரண்டு சிக்னல் கோடும் ஒன்றானது. அங்கே சிரிப்பது மூன்றாம் மாடி அண்ணிதானே? சிரியுங்கள் அம்மா. உங்கள் வீட்டுப் பெட்டி மீன்தொட்டிக்குப் பின்னால் நீச்சல் பழகுவதை நானறிவேன்.

சென்ற வாரம் என் மகளுக்கு இணையவழி நேர்காணல். இரண்டாண்டு காத்திருந்து கிடைத்த ஆய்வக வேலைக்கான அழைப்பு. திரையில் அதிகாரி கேள்வி கேட்கிறார், அவர் திரையில் என் மகள் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறாள். "லைன்ல இருக்கீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். நான்காம் முறை கேட்க அவரே இல்லை.

மறுநாள் லைன் பார்க்க டெக்னீஷியன் வந்தார். கூடத்தின் மூலையில் என் கண்ணாடி அலமாரி. அதில் இந்த நா வென்றெடுத்த கேடயங்கள் முப்பத்தேழு! அத்தனையும் பித்தளை, அத்தனையும் பளபளப்பு! அவற்றின் பின்னால், பத்திரமாக, வைஃபை பெட்டி. எந்தக் கேடயம் எந்த மேடையில் வாங்கியது என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். பன்னிரண்டாவதில் அவர் குறுக்கிட்டார்.

"சார், இவ்ளோ உலோகத்தையும் தாண்டி சிக்னல் எப்படி சார் வெளிய வரும்?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்ப்பா. அந்த அலமாரிமேல கை வைக்கணும்னு உங்ககிட்ட யாரு சொல்றது?"

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த எனக்கே வெட்கமாக இருந்தது, அவையோரே! மகள் வாய் திறக்க அஞ்சும் வீட்டில் மகாப் பேச்சாளன் எதற்கு? மார்தட்ட மேடை எதற்கு?

அன்றே அத்தனை கேடயங்களும் கட்டிலுக்கடியில் போயின. பெட்டி கூடத்தின் நடுவே, உயரமான மரப்பலகையில், திறந்த வெளியில் அமர்ந்தது. நான்கு கோடும் நிமிர்ந்தன. தாளும் வேண்டாம், சல்லடையும் வேண்டாம். மறைப்பதை அகற்றுங்கள், மறைப்பது நீங்களே ஆனாலும்!

மகள் அந்த ஆய்வகத்துக்கு மன்றாடி எழுதினாள். நாளை பதினொரு மணிக்கு மறு நேர்காணல் தந்திருக்கிறார்கள்.

இதோ, தலைவர் எழுந்துவிட்டார். கையில் ஏதோ பளபளக்கிறது. ஐயா, தங்கள் அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் கேடயம் என் வீட்டு வாசற்படி ஏறாது. தங்கள் இல்லத்திலேயே இருக்கட்டும், வைஃபை பெட்டிக்கு முன்னால்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. வணக்கம்.