அலமாரியில் இருந்த பாதிக் கடிதங்கள்

எனக்கு யார் கடிதம் எழுதினாலும் ஒரு வாரத்துக்குள் பதில் போட்டுவிடுவேன். முப்பது வருடப் பழக்கம். பல்கலைக்கழக விசாரணைக் குழுவினரான உங்களுக்கும் அப்படித்தான் உடனே எழுதுகிறேன்.

அமெரிக்க அரசியலில் அழுத்தக் குழுக்கள் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். எங்கள் துறையை ஆட்டிவைக்கும் கேள்வி ஒன்றுதான். ஒரு குழு குரல் கொடுத்ததால்தான் சட்டம் வந்ததா, கொடுக்காவிட்டாலும் வந்திருக்குமா? இதை யாரும் சரியாக அளந்து காட்டியதில்லை. மாநாட்டுக்கு மாநாடு இதைச் சொல்லிப் புலம்புவோம், பிறகு காபி குடிக்கப் போய்விடுவோம்.

டோரீன் கஸ்மாரெக் என்னைத் தேடி வந்தது ஒரு ஜனவரியில். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறவள். வாடகை வீட்டு ஹீட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத வாயு, அவள் மகனைத் தூக்கத்திலேயே கொன்றிருந்தது. எல்லா வாடகை வீடுகளிலும் வாயு அலாரம் வைக்கச் சொல்லும் மசோதா ஒன்று மாநில சட்டமன்றத்தில் இருந்தது. வீட்டு உரிமையாளர் சங்கம் அதை முழுமூச்சாக எதிர்த்தது. டோரீனும் அவளுடைய சிறு குழுவும் திரட்டி வைத்திருந்தவை, தொண்ணூற்றெட்டு உறுப்பினர்களுக்கும் அவரவர் தொகுதி ஜனங்கள் கைப்பட எழுதிய கடிதங்கள்.

"தபால்ல போட்டா குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்ங்கறாங்க, புரொஃபசர். நீங்கதான் அங்க நாலு பேரத் தெரிஞ்சவரு."

"வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அன்று மாலையே உறுப்பினர்களின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கினேன். நாற்பத்தொன்பது பேருக்கு நானே நேரில் போய்க் கொடுத்தேன். மற்ற நாற்பத்தொன்பது பேருக்கான கடிதங்களை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மருந்து ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அதேதான். ஆய்வுக்கு உட்படுகிறவர்கள் உறுப்பினர்கள் மட்டுமே என்று அனுமதிப் படிவத்தில் எழுதினேன். உங்களில் இருவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், சட்டமன்ற உணவகத்தில் மெர்ல் ஹாக்ஸ்ட்ரா என்ற உறுப்பினரைப் பார்த்தேன். பன்றிப் பண்ணை வைத்திருப்பவர், நல்ல மனிதர்.

"என் தொகுதியிலேருந்து ஒரு கடுதாசிகூட வரல, புரொஃபசர். ஜனங்களுக்கே அக்கறை இல்ல, நான் எதுக்கு வீட்டுக்காரங்கள வீணா பகைச்சுக்கணும்?" என்றார், சூப்பை உறிஞ்சியபடி.

அவருக்கு வந்த அறுபத்திரண்டு கடிதங்கள் என் அலமாரியில் இருந்தன. நான் தலையாட்டினேன். வாயைத் திறந்தால் ஆய்வு கெட்டுவிடும்.

மசோதா நிறைவேற மூன்று வாக்குகள் குறைந்தன. கடிதம் கிடைத்தவர்களில் முப்பது பேர் ஆதரித்தார்கள், கிடைக்காதவர்களில் பதினேழே பேர். இத்தனை சுத்தமான முடிவு எங்கள் துறையில் யாருக்கும் வாய்த்ததில்லை. டோரீன் எனக்கு ஆப்பிள் பை செய்து கொண்டுவந்தாள்.

"உங்களால ஆனத செஞ்சீங்க. மனசு விட்டுறாதீங்க," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். இலையுதிர்கால மாநாட்டில் கட்டுரை வாசித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அதில் அவளுடைய குழுவின் பெயர் 'அமைப்பு அ'.

அந்த டிசம்பரில் ஹாக்ஸ்ட்ராவின் தொகுதியில், அலாரம் இல்லாத ஒரு வாடகை வீட்டில், நால்வர் இறந்தார்கள். கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது. கடிதங்கள் முழுக்கப் போயிருந்தால் மசோதா ஜெயித்திருக்கும். வேறு யாராக இருந்தாலும், யார் கண்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அளந்து நிரூபித்தவனே நான் என்பதால் எனக்கு அந்த வழியும் இல்லை. செய்தது பாவம். அந்தக் குழந்தையின் முகத்தைச் செய்தித்தாளில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்தொடருக்கு டோரீன் மறுபடியும் பெட்டிகளோடு வந்தாள். இந்த முறையாவது எல்லாக் கடிதங்களையும் கொடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பாதியைத்தான் கொடுத்தேன். கடிதங்களால் எந்த வித்தியாசமும் இல்லை என்று இந்தத் தடவை முடிவு வந்துவிட்டால், அந்த நால்வரையும் நான் கொல்லவில்லை என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.