சுற்றி வருவது நாங்களா, நாமா?

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும், அக்கம்பக்கத்துக் குழுக்களையெல்லாம் அரவணைத்து நடத்தும் எங்கள் கூட்டமைப்புத் தலைவி, அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய சுகிர்தா அம்மையார் அவர்களே! கடன் கேட்டுப் போனாலும் காப்பி கொடுத்து உட்கார வைக்கும் வங்கி மேலாளர் வசந்தகுமார் ஐயா அவர்களே! காலையிலிருந்து நாற்காலி சுமந்து, கோலம் போட்டு, கடைசியில் உட்கார நாற்காலி கிடைக்காமல் நிற்கும் என் குழுச் சகோதரிகளே! முதல் ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் சகோதரர்களே! மடியில் தூங்கும் பிள்ளை எழுந்துவிடுமோ என்று கைதட்டத் தயங்கும் தாய்மார்களே! பெரியபாளையத்தில் வீற்றிருந்து, இந்தக் கும்மிடிப்பூண்டிப் புகைக்கு நடுவிலும் எங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொள்ளும் தாயே, பவானியே! உங்கள் அனைவருக்கும், விடிவெள்ளி மகளிர் குழுவில் கணக்கு எழுதும் கோதாவரியின் கைகூப்பிய, கனிவான, கொஞ்சம் கலங்கிய வணக்கம்!

ஏன் கலங்கிய வணக்கம்? கேட்கிறீர்கள் அல்லவா? சொல்கிறேன்.

ஆண்டறிக்கை வாசி என்று என்னை அழைத்தார்கள். வாசித்துவிடலாம். பினாயில் தயாரிக்கப் பயிற்சி எடுத்தோம். பேருந்து நிறுத்தத்தில் விளக்கு வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்து, மாலை ஷிப்ட் பெண்கள் இருட்டில் நின்ற இடத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்தோம். கொசு ஒழித்தோம். தொழிற்சாலைக் கேன்டீனுக்கு மேலங்கி தைத்தோம். கைதட்டல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். ஆனால் தாய்மார்களே, இந்த ஓரம் பாருங்கள், எங்கள் அஞ்சம்மாள். அந்த ஓரம் பாருங்கள், எங்கள் மெர்சி. நடுவில் மொத்தக் குழுவும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே டம்ளர் டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள் இவர்கள். இன்று ஒருத்தி கிழக்கு, ஒருத்தி மேற்கு! இதை விட்டுவிட்டு விளக்கைப் பற்றிப் பேசினால், அது வெளிச்சமா? நீங்களே சொல்லுங்கள்!

(பொறுங்கள், ரயில் போகட்டும். இந்த ரயிலோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் இந்த ஊரில் இல்லை.)

மழைக்காலத்தில் தொடங்குகிறது கதை. தெருவெல்லாம் தேங்கிய தண்ணீர், தேங்காய் ஓடெல்லாம் கொசு முட்டை. யார் முன்னால் நின்றது? மெர்சி! பழைய டயரைக் கவிழ்த்தது யார்? மெர்சி! மாடியேறி மூடியில்லாத தொட்டிக்கெல்லாம் துணி கட்டியது யார்? மெர்சி! “உங்க ஊட்டுத் தொட்டில கொசுக்குஞ்சு பரேடு நடத்துது, வந்து சல்யூட் அடிங்க” என்று வீடு வீடாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவள் அவள். கடைசியில் நடந்தது என்ன? கொசுவைத் துரத்தியவளையே கொசு கடித்தது. டெங்கு. இது என்ன நியாயம் என்று நான் பூஜை அறையில் நின்று கேட்டேன். என் குழப்பத்தின் முதல் படி அது.

ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. கண் திறக்கவில்லை. மெர்சியின் கணவர் ஜோஷ்வா சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். அவர்கள் சபையில் உபவாச ஜெபம் நடக்கிறது. உள்ளே மருத்துவர்கள் ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நானும் அஞ்சம்மாளும். எங்களை அழைத்துப்போன ஷேர் ஆட்டோக்காரத் தம்பி லோகு. ஆம், இதோ இன்று நமக்கு மைக் செட் போட்டிருக்கிறாரே, இதே லோகுதான்! அப்போது அஞ்சம்மாள் என்ன செய்தாள்? முந்தானையை இழுத்துப் பிடித்தாள். பெரியபாளையம் இருக்கும் திக்கைப் பார்த்தாள். பட்டப்பகலில், பத்துப் பேர் திரும்பிப் பார்க்கக் கதறினாள்.

“ஆத்தா! எங்க மெர்சிய எழுப்பி ஊட்டுக்கு அனுப்பு. வேப்பஞ்சேல கட்டி உன்னச் சுத்தி வ...”

அந்த ‘வ’ வாயை விட்டு வரும்போது, ஓர் ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது. மிச்சம் என் காதில் விழவில்லை.

மெர்சி பிழைத்தாள்! கைதட்டுங்கள், பிள்ளை எழுந்தால் எழட்டும்! மெர்சி பிழைத்தாள்! மருந்து எழுப்பியதா? ஜெபம் எழுப்பியதா? என் தாய் பவானி எழுப்பினாளா? பினாயில் பாட்டில் மூடி வரைக்கும் எண்ணி எழுதி வைக்கிறவள் நான். மெர்சி பிழைத்த வரவை யார் பெயரில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீடு திரும்பிய மெர்சியைப் பார்க்கப் போனோம். அஞ்சம்மாள் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள்.

“இன்னாக்கா இது?”

“ஆடியில பெரியபாளையம் போறோம்டி. உனக்கு வேப்பஞ்சேல வேண்டிக்கினேன்.”

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குளித்த ஈரத்தோடு, உடம்பைச் சுற்றி வேப்பிலையைச் சேலையாகக் கட்டி, அம்மன் கோயிலை வலம் வருவது எங்கள் பக்கத்து நேர்த்திக்கடன். உயிர் பிழைத்தவர்கள் கட்டுவார்கள். அவர்களுக்காக வேண்டியவர்களும் கட்டுவார்கள்.

மெர்சியின் முகம் மாறிவிட்டது. “எனக்கோசரம் நீ வேண்டிக்கினது தப்பில்லக்கா. அழுதியாமே, அவரு சொன்னாரு. ஆனா என் ஒடம்புல வேப்பில கட்டறேன்னு என்னக் கேக்காம எப்டிச் சொன்னே?”

“அன்னிக்கு உன்ன எப்டிடி கேக்கறது? நீ கண்ணத் தொறந்தாத்தானே?”

“கண்ணு மூடிக்கினு இருந்தா, என் சாமியும் மூடிக்கினா பூடும்?”

“ஆத்தா பேஜாரு பண்ணுவாடி. திரும்பக் காய்ச்சல் வந்தா நான் இன்னா பண்ணுவேன்?”

“அப்ப நான் பொழச்சது உன் சாமிகிட்ட வாங்கின கடனாக்கா?”

அவ்வளவுதான். அஞ்சம்மாள் மஞ்சள் துணியை மடித்தாள், எழுந்தாள், போனாள். இருவரில் யார் பேசியது தவறு? அஞ்சம்மாளின் பயம் பொய்யா? அன்பில்லாமல் வருமா அப்படி ஒரு பயம்? மெர்சியின் கோபம் பொய்யா? அவள் உடம்பு அவளுடையதல்லவா? இந்தப் பக்கம் திரும்பினால் இது நியாயம், அந்தப் பக்கம் திரும்பினால் அது நியாயம். நடுவில் நின்று எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது!

சிரிக்காதீர்கள். என் பாட்டைக் கேளுங்கள். குழுக் கூட்டம் என் வீட்டில்தான். மெர்சி உள்ளே ஜன்னல் ஓரம், அஞ்சம்மாள் வாசல்படி. “கோதாவரி, ஊசி தீந்துபோச்சுன்னு அவளாண்ட சொல்லு.” “அக்கா, ஊசி பொட்டியிலகீதுன்னு அவங்களாண்ட சொல்லுங்க.” எட்டிப் பிடித்தால் முந்தானை கைக்கு வரும் தூரம். இதற்கு நடுவில் ஒரு டெலிபோன். அந்த டெலிபோன்தான் இன்று மேடையில் நிற்கிறது!

அந்த நேரம் பார்த்துத்தான் கேன்டீன் மேலங்கி ஆர்டர் வந்தது. துணி வெட்டுவது மெர்சி, தைப்பது அஞ்சம்மாள். “பை வைக்கற பக்கத்துல சாக்பீஸ் கோடு போட்டுக்கிறேன்னு சொல்லுங்கக்கா” என்றாள் மெர்சி. நான் சொன்னேன். எந்தப் பக்கம் கோடு என்று அஞ்சம்மாள் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வந்துவிடுமே! கோடு உள்பக்கம் தெரிந்ததா, வெளிப்பக்கம் தெரிந்ததா, இறைவனுக்கே வெளிச்சம். மொத்த மேலங்கிக்கும் முதுகில் பை! கேன்டீன் மேஸ்திரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக் காட்டினார். “ஏம்மா, கரண்டிய எவன்னா பின்னாடி வெச்சிக்கினு நடப்பானா?”

பிரித்தோம், தைத்தோம், கொடுத்தோம். பை முன்னால் வந்துவிட்டது. அந்த இரண்டு பேர்?

ஆடி பிறந்தது. பெரியபாளையத்தில் ஞாயிறு ஞாயிறாகக் கூட்டம். அஞ்சம்மாள் ஒரு சொல் சொல்லிவிட்டாள்: “இந்தத் திருவிழாக்குள்ள வேண்டுதல் தீரலன்னா, நான் குழுவுல இல்ல.” மெர்சியும் ஒரு சொல் சொல்லிவிட்டாள்: “என்ன இஸ்துகினு போகணும்னு நெனச்சா, நான் குழுவுல இல்ல.” ஒருத்தி போனால் அவள் தெரு போகும். இன்னொருத்தி போனால் அவள் சபைப் பெண்கள் போவார்கள். பிறகு விடிவெள்ளி எங்கே? விடிவதெங்கே?

நான் பெரியபாளையத்துக்குத் தனியாகப் போனேன். பூசாரி ஐயாவிடம் கேட்டேன். “அஞ்சம்மாளே கட்டிக்கொண்டால் தீருமா சாமி?” அவர் கேட்டார்: “வேண்டிக்கினப்போ வாயில வந்த வார்த்தை என்னம்மா? வார்த்தைதான் வேண்டுதல்.”

வார்த்தை! எனக்குத் தெரிந்தது ‘வ’ மட்டும்தானே! ‘வருவா’ என்றாளா? அப்படியானால் மெர்சி. ‘வரேன்’ என்றாளா? அப்படியானால் அஞ்சம்மாள். அஞ்சம்மாளிடம் கேட்டேன். “அளுதுகினு இருந்தேன் கோதாவரி. மெர்சி பேரச் சொன்னேன், அது நெனப்பிருக்கு. கடைசியில இன்னா சொன்னேன்னு எனக்கே தெரியல.” வேண்டியவளுக்கே தெரியாத வேண்டுதலை யார் போய் ஆத்தாளிடம் கேட்பது?

போன வாரம் மைக் செட்டுக்கு முன்பணம் வாங்க லோகு வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன். தம்பி, அஞ்சம்மாளின் கடைசிச் சொல் என்று என்னிடம் சொன்னதை இந்த மைக்கிலேயே சொல்லிவிடு. வா, கூச்சப்படாதே.

“‘வரோம்’னாங்கக்கா. நான் பக்கத்துலதான் நின்னேன். அய்யய்யோ, நம்பளயும் சேத்துட்டாங்களே, வேப்பில கட்டிக்கினு எப்டி ஆட்டோ ஓட்றதுன்னு பயந்துட்டேன்.”

கேட்டீர்களா! ‘வரோம்’! அஞ்சம்மா, அழாதே, கேள். நீ மெர்சியை மட்டும் மாட்டிவிடவில்லை. மெர்சி, நீயும் கேள். உன்னைக் கடன்காரியாக்கி அவள் கையெழுத்துப் போடவில்லை. ‘வரோம்’ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

குழப்பம் தீர்ந்ததா? தாய்மார்களே, இனிமேல்தான் இருக்கிறது குழப்பம்! டெலிபோன் வேலை பார்ப்பவள் நான். இந்தச் சொல்லை நான் மெர்சியிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்? “மெர்சி, நாங்க சுத்தி வரோம்” என்பதா? “மெர்சி, நாம சுத்தி வரோம்” என்பதா? நாங்கள் என்றால் அவள் வெளியே. நாம் என்றால் அவள் உள்ளே. இரண்டுக்கும் முடிவு ஒரே ‘ஓம்’! நாங்கள் என்று சொல்லி அவளை வெளியே நிறுத்த எனக்கு நாக்கு வரவில்லை. நாம் என்று சொல்லி அவளை இழுத்துப்போக எனக்கு உரிமை இல்லை. என் தமிழ்த்தாயே, இத்தனை நுட்பமாக இரண்டு சொல்லைக் கொடுத்தாயே, நடுவில் நிற்பவளுக்கு மூன்றாவதாக ஒரு சொல் கொடுத்தாயா?

நாளை ஞாயிற்றுக்கிழமை. வேன் பேசியாகிவிட்டது. அஞ்சம்மாள் கட்டுகிறாள், நான் கட்டுகிறேன், இன்னும் சிலரும் கட்டுகிறார்கள். மெர்சி, உன்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் விலக்கவும் இல்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை அம்மா. உன் வாயால் நீ என்ன சொன்னாலும் அதைக் குழு தலைமேல் வைத்துக்கொள்ளும்.

என்ன மெர்சி, எழுந்துவிட்டாய்? வெளியே போகிறாயா? இல்லையா? சொல், சத்தமாகச் சொல், பின்வரிசைக்குக் கேட்கட்டும்.

“அக்கா, நான் வேப்பில கட்ட மாட்டேன். சுத்தியும் வர மாட்டேன். எங்க சாமிக்கு நான் சொல்ற நன்றிய எங்க கோயில்லயே சொல்லிட்டேன். ஆனா இவ்ளோ பேரும் ஈரத்தோட சுத்திட்டு வந்து நிப்பீங்களே, மாத்துப் பொடவைய யாரு புடிச்சிக்கினு நிப்பா? நான் எடுத்தாறேன். வேன்ல எனக்கு ஜன்னலோர சீட்டு. அந்தக் கெழவியாண்ட சொல்லிடுங்க, ஈரத்துல நிக்கக் கூடாதுன்னு.”

அஞ்சம்மா, மெர்சி சொல்கிறாள், ஈரத்தில்...

“யாரடி கெழவின்றே? உன்ன வெச்சிக்கிறேன் இரு!”

அம்மா! அய்யா! கேட்டீர்களா? தையும் மாசியும் பங்குனியும் போய், சித்திரை வெயிலும் போய், ஆடிக் காற்றும் வந்து, இன்றைக்குத்தான் அஞ்சம்மாள் வாயிலிருந்து மெர்சிக்கு ஒரு சொல் நேராகப் போயிருக்கிறது! என் வழியாகப் போகவில்லை! திட்டாகப் போனால் என்ன? நேராகப் போனதே! இந்த டெலிபோனின் இணைப்பை இந்த மேடையிலேயே துண்டிக்கிறேன்!

வேண்டுதல் தீர்ந்ததா? தெரியாது. புடவை பிடித்து நிற்பவள் சுற்றி வந்தவர்களில் சேர்த்தியா? பூசாரி ஐயாவுக்கும் தெரியாது, சபைப் போதகருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆத்தாளுக்குத் தெரியும். மெர்சியின் ஆண்டவருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள நான் நடுவில் நிற்கத் தேவையில்லை!

தலைவி அவர்களே, நேரம் கடந்தும் மணி அடிக்காமல் இருந்த உங்கள் பொறுமைக்கு என் பணிவு. மேலாளர் ஐயா, பாதியில் எழாமல் இருந்தீர்களே, அதற்கு என் வந்தனம். கேட்ட காதுகளுக்கெல்லாம் என் கும்பிடு. இனி நன்றி சொல்லி அமர்கிறேன் என்று முடிப்பதா, அமர்கிறோம் என்று முடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. லோகு தம்பி, மைக்கை நிறுத்திவிடு. அதோ அடுத்த ரயிலும் வருகிறது. என் கடைசி எழுத்து யார் காதில் எப்படி விழுகிறதோ, அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

வணக்கம். நன்றி சொல்லி அமர்கி...