மூடியில் தொங்கிய சீட்டு

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் மண்ணுக்குள் இறங்கி, லாரிகளெல்லாம் மலையைச் சுற்றிப்போன வருஷம் அது. பெரிய கொட்டகையில் படம் ஓடும்போதே திரை பற்றி எரிந்ததும் அதே வருஷம்தான். மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, சோதனைக்கூடத்துப் பெண்களே, அரவைப் பகுதித் தம்பிமார்களே! நம் பொறுங்கம்மாவைப் பற்றிப் பேச வேண்டுமானால் நான் அந்த வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. தேதி கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள், சொல்கிறேன்.

சோதனைக்கூடத்தின் தலைமை வேதியியலாளர் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்களாம். நமக்கு அவர் பொறுங்கம்மா. எதை எடுத்துக்கொண்டு போய் நின்றாலும் முதல் வார்த்தை "பொறுங்க". கையெழுத்துக்கும் பொறுங்க, லாரிக்கும் பொறுங்க. முதலாளி கல்யாணப் பத்திரிகை நீட்டியபோதுகூட "பொறுங்க" என்று கண்ணாடியைத் தேடியவர் அவர்!

நம் கம்பெனி என்ன கம்பெனி? செடிகளிலிருந்து சத்தெடுக்கிற கம்பெனி. ஊமத்தை இலையிலிருந்து ஒன்று, எட்டிக்கொட்டையிலிருந்து ஒன்று. இரண்டும் வெள்ளைத் தூள். பார்த்தால் கோலமாவு போல இருக்கும். என் தம்பி கேலி செய்வான்: "அண்ணே, உங்க கம்பெனி ஆளுங்களுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான். விருந்துல என்னத்தக் கலப்பீங்களோன்னு பயம்!" இதை நான் பொறுங்கம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "செடி நமக்காகவா சமைக்குது? பூச்சி தன்னைத் தின்னக் கூடாதுன்னு தனக்காகச் சமைக்குது. நாமதான் திருடிட்டு வந்து, இது மருந்து, இது விஷம்னு பேர் வைக்கிறோம்."

அந்தத் தம்பிதான் அந்த வருஷம் ஒரு நாள் சாகக் கிடந்தான்.

பூச்சிமருந்துக் கிடங்கில் அவனுக்குச் சுமை இறக்கும் வேலை. அடுக்கிவைத்த டின்கள் சரிந்து உடைந்து, சுமைக்காரர்கள் கூட்டமாக நனைந்துவிட்டார்கள். வாயில் நுரை, கண்ணில் நீர், மூச்சு இழுக்க முடியவில்லை. அந்த விஷத்துக்கு மாற்று, ஊமத்தைச் சத்து. விஷத்துக்கு விஷம்தான் காவல்! ஆஸ்பத்திரியில் இருந்த ஊசியெல்லாம் காலையிலேயே தீர்ந்துபோனது. பட்டணத்திலிருந்து வர வேண்டிய மருந்து பாலமில்லாமல் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வேனை எடுத்துக்கொண்டு நேராக நம் வாசலுக்கு ஓடி வந்தார்.

ஊமத்தை என்று சீட்டுத் தொங்கிய பீப்பாயை மேனேஜர் காட்ட, நான்தான் சோதனைக்கூடத்துக்குச் சுமந்துபோனேன். டாக்டர் கையை நீட்டினார். மேனேஜர் மூடியைத் திறந்தார். அம்மா என்ன சொன்னார்? வேறு என்ன சொல்வார்!

"பொறுங்க."

"மேடம், அங்க ஒவ்வொருத்தனும் மூச்சுக்குத் தவிக்கிறான்!" என்றார் டாக்டர்.

"சீட்டுல ஊமத்தைன்னு எழுதியிருக்கே, இன்னும் என்னத்தச் சோதிக்கணும்?" என்று மேனேஜர் கத்தினார்.

"சீட்டு மூடியில தொங்குது சார். அது மூடிக்குப் பேரு. உள்ள இருக்கிறதுக்கு இல்ல."

அந்தக் காலத்தில் சீட்டை மூடியில்தான் கட்டுவோம். பீப்பாயைக் கழுவும்போது மூடி தனியாகப் போகும், தனியாக வரும். அம்மா ஒரு சிட்டிகைத் தூளைப் பீங்கான் தட்டில் போட்டார். அமிலம் ஒரு சொட்டு. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு உப்பின் துணுக்கு. கண்ணாடிக் குச்சியால் இழுத்தார். இழுத்த தடத்தில் ஊதா நிறம் பூத்தது. எத்தனை அழகான ஊதா!

"எட்டி," என்றார் அம்மா.

அவையோரே, எட்டிச் சத்து உடம்பில் ஏறினால் என்ன ஆகும்? உடல் வில்லாக வளைந்து, தாடை கிட்டி, நினைவு தப்பாமலே சாக வேண்டும். அதைத்தான் என் தம்பிக்கு ஏற்ற இருந்தோம்.

"அப்ப எட்டின்னு சீட்டு தொங்குற பீப்பாயில இருக்கிறதுதான் ஊமத்தை, எடுங்கடா!" என்றார் மேனேஜர்.

"பொறுங்க. மாறினது ரெண்டு மூடிதானா? உங்களுக்குத் தெரியுமா?"

அடுத்த பீப்பாயையும் தட்டில் இழுத்தார். ஊதா வரவில்லை. அது போதாதாம். எட்டி இல்லையென்றால் ஊமத்தை என்று ஆகிவிடுமா என்று கேட்டார். துளித் தூளைத் தண்ணீரில் கரைத்தார். தலையை அண்ணாந்து, தன் இடது கண்ணிலேயே ஒரு சொட்டு விட்டுக்கொண்டார்! "ஊமத்தைன்னா கொஞ்ச நேரத்துல கண்ணு பாப்பா விரியும்," என்று சொல்லிவிட்டு, மற்றக் கண்ணால் தண்ணீர் காய்ச்சும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சுமைக்காரர்களின் மேஸ்திரி போய்விட்டார். டாக்டர் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுத்த போன் என் தம்பிக்காகவா? அம்மாவின் கை பீப்பாயின் பக்கம் போகவில்லை.

"டாக்டர், என் கண்ணப் பாருங்க."

இடது கண்ணின் பாப்பா விரிந்து, கருமணி முழுக்க ஒரே இருட்டாகிவிட்டது. "இதான். எடுத்துக்குங்க," என்றார். நிறுத்து, கரைத்து, வடிகட்டி, சூடுகாட்டிக் கொடுத்தார். வேன் பறந்தது.

மற்றவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். என் தம்பி கண் விழித்தபோது மருந்து தலைக்கேறி, போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்கிக்கொண்டு, டாக்டரைப் பார்த்து "வாங்க மாமியாரே" என்றான். வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் மேஸ்திரியின் சம்சாரம், அவர்களைப் பார்க்க வந்திருந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க சோதிச்சு முடிக்கிற வரைக்கும் என் புருஷன் மூச்சப் புடிச்சு வச்சிருக்கணுமா?"

அம்மா வெளிச்சம் தாங்காத அந்த ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "மொதப் பீப்பாய் எட்டின்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவங்க கேட்டது அது இல்லையேப்பா," என்றார்.

பிறகு அந்த அம்மாளுக்கு இங்கேயே பீப்பாய் கழுவும் பகுதியில் வேலை கிடைத்தது. ஒரே நடைவழி, ஒரே வாசல். ஓய்வுபெறும் வரை பொறுங்கம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பொறுங்கம்மாவும் வலியப் போய்ப் பேசியதில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? என் தம்பி பிழைத்தவன். என் நியாயம் ஒரு பக்கச் சாய்வுள்ளது.

பிள்ளைகளே! சீட்டு இனி ஒருநாளும் மூடிக்குத் திரும்பாது, பெயர் பீப்பாயின் உடம்பிலேயே இருக்கும். வாசலில் யார் அழுதாலும், யார் மிரட்டினாலும், சோதிக்காத ஒரு சிட்டிகைகூட வெளியே போகாது. இதை அம்மாவின் இந்தப் படத்தின் முன்னால் ஒப்புக்கொள்கிறீர்களா? உரக்கச் சொல்லுங்கள்! இதைத் தவிர அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறு என்ன இருக்கிறது?

அன்று கட்டிலில் கிடந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். என் தம்பியும் பேரன் எடுத்துவிட்டுத்தான் போனான். டாக்டர் இல்லை, மேனேஜர் இல்லை. இப்போது அம்மாவும் இல்லை. அந்த நாளைக் கண்ணால் கண்டவர்களில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். யாரும் அழைக்காமலே வந்து, அதோ சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்வாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் இந்த அவை கேட்டாக வேண்டும். நான் இறங்கிக்கொள்கிறேன். தம்பி, மைக்கைக் கொண்டுபோய் அவர் கையில் கொடு. மேஸ்திரியின் சம்சாரம் அவர்.