மாப்பிள்ளையை ஏசியதற்கு வந்த எச்சரிக்கை

அவைக்குத் தலைமை தாங்கும் சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர், அண்ணன் ராஜா முகம்மது அவர்களே! அறுபதைத் தாண்டிய என் விரல்களை அகரத்துக்குப் பழக்கிய முதியோர் வகுப்பு ஆசிரியை பெனாசிர் அவர்களே! வருசநாட்டிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! வெயிலைப் பாராமல் வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் தங்கை கணவர் ராக்கப்பனே! கடமலைக்குண்டு வேலுச்சாமியின் வணக்கம்.

'இணையமும் நாமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது என்னைக் கண்டித்திருக்கிறது.

கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் ராக்கப்பன், கொடியைக் கழித்துவிடும் கவாத்து செய்வது எப்படி என்று காணொளி போடுகிறார். நான் எழுதக் கற்றபின் கைப்பேசியில் முதன்முதலாக எழுதியது அதன் கீழேதான். காலையில் தொடங்கிக் கஞ்சி குடிக்கும் நேரத்துக்கு முடித்தேன். 'ஏலே மாப்ள, உன் மூஞ்சியப் பாத்தா பழுத்த திராட்சையும் புளிச்சுப்போகும். மொதல்ல உன் மீசைக்குக் கவாத்துப் பண்ணு.'

உடனே பதில் வந்தது: 'உங்கள் கருத்து நீக்கப்பட்டது. காரணம்: துன்புறுத்தலும் இழிவுபடுத்தலும்.'

வருந்தினேனா? வாடினேனா? வெட்கப்பட்டேனா? இல்லை! எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் என் எழுத்தைப் படித்திருக்கிறது! படித்து, பொருள் புரிந்து, புரிந்ததால் நீக்கியிருக்கிறது! ஆசிரியைக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்?

என்ன ஆத்தா? மெஷின்தான் படிச்சிருக்கும்கிறீகளா? மெஷினாவது படித்ததே.

மகிழ்ச்சி மிகுந்து மறுபடி எழுதினேன். 'கம்பத்துக்கு வந்தேன்னா உன்னைய அந்தத் திராட்சைப் பந்தல்லயே கட்டித் தொங்கவிடுவேன்.' இதற்கு வன்முறை மிரட்டல் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு முறை எழுதினால் கணக்கை அடியோடு மூடுவோம் என்றார்கள்.

விதி என்றால் விதி. அடுத்த காணொளிக்கு அடக்கமாக எழுதினேன்: 'மதிப்பிற்குரிய ஐயா ராக்கப்பன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் காணொளி பயனுள்ளதாக இருந்தது. நன்றி.' நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

மாப்பிள்ளை ஏற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு என் வாசலில் வந்து நின்றார். கூடவே என் தங்கை பவுனு, அழுத கண்ணோடு. அவர்கள் மகள் நாகஜோதிக்கு இந்த மாதம் கல்யாணம். தாய்மாமன் நான். முதல் மாலை நான் போட வேண்டும்.

“மச்சான், நான் என்ன தப்புப் பண்ணேன்? ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. 'தங்கள்'னு மட்டும் எழுதாதீக” என்றார் மாப்பிள்ளை.

“ஊரே படிச்சிருச்சுண்ணே” என்றாள் பவுனு. “தாய்மாமன் உறவ அறுத்துக்கிட்டாகளாம், மாலை யாரு போடுவான்னு சம்பந்தி வீட்டுல கேக்குறாக. 'ஐயா'ன்னு எழுத ஒங்களுக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு?”

எச்சரிக்கையை எடுத்துக் காட்டினேன். மாப்பிள்ளை படித்தார்.

“அப்ப முன்னால ஏசித்தான் எழுதியிருந்தீகளா?”

“ரெண்டு தடவ. அழிச்சுப்புட்டாக.”

“என்னன்னு?”

சொன்னேன். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. பவுனு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மீசைய நானும் சொல்லிப் பாத்துட்டேண்ணே” என்றாள்.

சிரிக்காதீர்கள், அவையோரே. இனிமேல்தான் பேச்சு.

நாகஜோதி தன் முகூர்த்தப் பட்டுச்சேலையைக் காட்டி ஒரு காணொளி போட்டாள். அதன் கீழே முகம் தெரியாத ஒருவன் 'அன்புத் தங்கையே, நலமா?' என்று தொடங்கி, இந்த மேடையில் சொல்லக்கூடாத ஒன்றை மென்மையாக, மரியாதையாக எழுதியிருந்தான். அது நிற்கிறது! என் ஏச்சு போய்விட்டது. அவன் 'அன்பு' நிற்கிறது! ஏன்? சொல்லைப் பார்க்கிறார்கள், சொல்கிறவன் யார் என்று பார்ப்பதில்லை. கேட்கிறவர் யார் என்று பார்ப்பதில்லை. முறை தெரியாமல் முறைப்படுத்துகிறார்கள்!

அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தேற்றிவிட்டு என் கைப்பேசியை எடுத்தேன். என் கணக்கிலிருந்து, எழுத்து எழுத்தாக, நானே புகார் எழுதினேன். பொழுது சாய்வதற்குள் அந்த அசிங்கம் நீங்கியது. அவன் கணக்கையும் மூடினார்கள். ஆகவே விதி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விதிக்கு நம் வீட்டு வழக்கத்தை நாம்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறேன். தாய்மார்களே, எழுதுங்கள்! பிழையோடு எழுதுங்கள், பிடிவாதமாக எழுதுங்கள்!

என் ஏச்சை நீக்கியதற்கும் மேல்முறையீடு எழுதினேன். 'அவர் என் தங்கை கணவர். அவரை ஏசுவது என் உரிமை. ஏசாவிட்டால்தான் குற்றம்.' 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை' என்று பதில் வந்தது. சரி. இரண்டாம் முறையும் படித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்காகப் புகார் எழுத அந்தக் கணக்கு எனக்கு வேண்டும். அதனால் இனி அங்கே மாப்பிள்ளைக்கு மரியாதைதான். ஆனால் சம்பந்தி வீட்டாரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சந்தேகத்தோடு வீடு திரும்பக் கூடாது.

இணையத்தில் போடப் படம் பிடிக்கும் தம்பி, கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்தியாச்சா?

ஏலே மாப்ள! கல்யாண வாசல்ல திருஷ்டிப் பூசணிக்கா கட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நீ நின்னாப் போதும். மாலையோட நான் மொத ஆளா வந்து நிப்பேன்!

கேட்டுக்கொண்டீர்களா, சம்பந்தி? பொறுமையாக இருந்த அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். தம்பி, இனிப் படம் பிடிக்கலாம்.