கண்ணு படாமல் சொன்ன பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் அவளுக்குத் தெரிந்த அக்கா ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் தாயின் ஆறு வயதுப் பெண்.

“நல்லா இருந்த புள்ளைய நானே நோயாளி ஆக்கிட்டனுங்க்கா,” என்றாள் தாய்.

“என்ன அம்மிணி சொல்றே?”

“புள்ளைங்க மனசு எப்படி இருக்குன்னு பாக்க வெளியூர்ல இருந்து ஸ்கூலுக்கு வந்த கவுன்சிலிங் மேடம், பாப்பா நல்லா சாப்படறாளா, தூங்கறாளா, சிரிச்சுப் பேசறாளான்னு கேட்டாங்க. ஆமான்னா கண்ணு பட்டுருமில்லீங்க? எங்கீங்க சாப்படறா, தூக்கமே இல்ல, எந்நேரமும் உம்முன்னு இருக்கறான்னு சொல்லிப்போட்டேன்.”

“நாம எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்!”

“வெளியூர்க்காரங்களுக்கு அது தெரியுங்களா? மனசுல ஏதோ நோவுன்னு முடிவு பண்ணிட்டாங்க. மறுக்கா போயி, நல்லாத்தான் இருக்கறான்னேன். ‘பெத்தவங்களுக்கு ஒத்துக்கறது கஷ்டந்தான்’னு என்னையத் தேத்தறாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “நான் சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டதுல இருந்து, இவ நெஜமாவே சோத்தைத் தொடறதில்லீங்க்கா.”

வழியில் ஏறிய ஒரு பெண்மணி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, “பாப்பா நல்லா சாப்படறாளா?” என்றாள்.

குழந்தை திரும்பி அம்மாவின் வாயையே பார்த்தது.

“நல்லா சாப்படறாளுங்க,” என்றாள் தாய். சொன்ன கையோடு முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள்.