இருபத்தி மூணாம் நெம்பர் கட்டில்

அட உக்காருங்க டாக்டரு, கையெழுத்து எங்கீங்க ஓடிப்போயிருது? பேனா இந்தா என்ற சட்டை ஜோப்புலதான் இருக்குது. நம்ம கம்பெனியோட சேத்துப் பதினொரு கம்பெனி, மூவாயிரம் சனம். யாருக்கு ஒடம்புக்கு முடியாமப் போனாலும் நேரா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்போணும்னு ஒப்பந்தம். மத்த பத்து மொதலாளிகளும் இந்த மகுடேஸ்வரன் போட்டாத்தான் போடுவாங்க. அது தெரிஞ்சுதானுங்களே நீங்களே நேர்ல வந்திருக்கறீங்க? டீயைக் குடிங்க, ஆறுது.

பைலைப் பாத்தனுங்க. நான் எட்டாவதோட நின்னவன், எங்க குவாலிட்டி மேனேஜர் அன்புசெல்வியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முந்தி ஒரு நோயாளி ஆறு நாள் படுத்திருந்தாராம், இப்ப நாலே நாள்ல ஊட்டுக்குப் போயிர்றாராம். பதினொரு மணிக்குக் கட்டில் காலியானாப் பன்னண்டரைக்கு அடுத்த ஆளாம். சபாசுங்க! என்ற தையல் லைன்லகூட இத்தன வெரசா வேலை மாறாது.

ஒரே ஒரு கேள்விங்க. ஆறு கட்டிலுக்கு ஒரு நர்சுன்னு போட்டிருக்குது. அப்புடித்தானுங்ளா? சத்தியமெல்லாம் வேண்டாமுங்க, புள்ளகுட்டிக்காரரு நீங்க. ரெண்டாவது மாடியில முப்பது கட்டிலு, ரெண்டே நர்சுப் புள்ளைக. எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பனியனை எண்ணிக் கட்டியே மேல வந்தவன், எனக்கு எண்ணிக்கை தப்பாது. எப்ப வந்தனா? வந்தனுங்க. பார்க்கிங் அருமையா வெச்சிருக்கறீங்க.

என்னுங்க, பத்து பர்சென்ட் கொறைக்கறீங்களா? இருங்க, நான் இன்னும் பேரமே ஆரம்பிக்கல. நான் ஆரம்பிச்சா நூல் மில்லுக்காரனே துண்டை ஒதறிட்டு எந்திரிச்சிருவான்.

மொதல்ல இதைக் கேளுங்க. பத்து வருசத்துக்கு முன்னால வெளிநாட்டு ஆர்டருக்கு ஒரு அம்மா ஆடிட்டுக்கு வந்துச்சு. தையல் மிசின்ல ஊசி ஒடைஞ்சா, அந்தத் துண்டைத் தேடியெடுத்து நோட்டுல ஒட்டித் தேதி எழுதோணும். துணிக்குள்ள மாட்டிக்கிச்சுன்னாப் போட்டுக்கற கொழந்தையைக் குத்திப்போடுமில்லீங்ளா. நாங்க எங்க எழுதினோம்? ஆடிட்டுக்கு மொத நாள் உக்காந்து, ஆறு மாச நோட்டையும் ஒரே மூச்சுல எழுதினோம். அந்தம்மா ஒரு வரி படிக்கலீங்க. பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டு, ஆறு மாசமா ஒரே கை, ஒரே சாய்வு, ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லையேன்னுச்சு. ஆர்டர் போச்சு. மூஞ்சியில காறித் துப்புன மாதிரி இருந்துச்சு. அன்னையிலிருந்து எந்த நோட்டைக் குடுத்தாலும் நான் எழுத்தைத்தான் மொதல்ல பாக்கறது.

இந்தச் சீட்டைப் பாருங்க. உங்க சீலுதானுங்ளே? இன்சூரன்சுக்கு வேணும்னு எழுதிக் குடுத்தேன், கேஸ் பேப்பர் மொத்தத்தையும் ஜெராக்ஸ் போட்டு உங்க ஆபீசுலயே சீல் குத்திக் குடுத்தாங்க.

பக்கவாதம் வந்த ஆளுங்க, தானாப் பொரள முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போடோணும். இல்லாட்டி முதுகு புண்ணாயிரும், அந்த வெசம் ரத்தத்துல ஏறிரும். உங்களுக்கு நான் சொல்லோணுங்ளா? ஏழு மாசமா எனக்கு இதேதானுங்க படிப்பு. ஒம்பதாம் நாள் சீட்டு இது. எட்டு மணி வலது, பத்து மணி இடது, பன்னண்டு மணி வலது. ஒரு எழுத்துக் கோணல. பதினஞ்சு கட்டிலுக்கு ஓடற புள்ள நின்னு நிதானமா எழுதுனதுங்ளா? காத்தால டூட்டிக்கு வந்ததும் நாள் முழுசுக்கும் எழுதி மாட்டிட்டுப் போயிருக்குது. நாங்க ஊசி நோட்டு எழுதுன மாதிரியே. ஊட்டாளுகளையும் உள்ள உடமாட்டீங்க, நாளைக்கு ரெண்டு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கறதோட சரி.

அந்த நர்சை வேலையை உட்டுத் தூக்கறீங்களா? தூக்குங்க பாக்கலாம்! ஏனுங்க, அவளைப் பதினஞ்சு கட்டிலுக்கு நிறுத்துனது யாரு? நான் ஒருத்தியைப் பதினஞ்சு மிசினுக்கு நிறுத்திப்போட்டு, டேமேஜ் வந்தா அவளைத் திட்டுனா நான் மனுசனா? நிறுத்துனவன் சட்டையைத்தான் புடிக்கோணும். அதான் புடிச்சிருக்கறேன்.

முப்பது பர்சென்டா? எறங்குங்க, எறங்குங்க, நல்லா இருக்குது பாக்கறதுக்கு. மூணு தடவை உங்களை வாசலோட திருப்பி அனுப்புனவன், இன்னைக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருக்கறேனே, ஏன்னு யோசிக்கலீங்ளா? இந்தச் சீட்டு காத்தாலயே பத்து மொதலாளிமாரு போன்லயும் போயிருச்சுங்க. தரச் சான்றிதழ் குடுக்கறதுக்குத் திங்கக்கெழமை உங்க ஆஸ்பத்திரியைப் பாக்க வர்றாங்களே, அவிங்களுக்கும் போயாச்சு. கையெழுத்துப் போடறக்கா உங்களை வரச் சொன்னேன்? நீங்க படிப்படியா எறங்கி வர்றதை என்ற கண்ணால பாக்கோணும், அதுக்குத்தான்.

எந்திரிக்காதீங்க. யாரு சீட்டுன்னே இன்னும் கேக்கலையே நீங்க? பேரெங்கீங்க போட்டிருக்கறீங்க, இருபத்தி மூணாம் நெம்பர் கட்டில்னுதான் இருக்குது. வள்ளியாத்தாள்னு பேரு. என்ற ஊட்டுக்காரி. அந்த ஒம்பதாம் நாள் மத்தியானம் மூணு பத்துக்கு உசுரு போச்சுன்னு உங்க ஆஸ்பத்திரியிலதான் எழுதிக் குடுத்தாங்க. இந்தக் கடைசி வரியைப் படிங்க. சாயங்காலம் ஆறு மணி, இடது பக்கம் திருப்பிப் போடப்பட்டது, நோயாளி சவுகரியமா இருக்கறாங்க. ஆறு மணிக்கு எங்கூட்டு வாசல்ல பெஞ்சுல போட்டுக் குளிப்பாட்டீட்டு இருந்தாங்க. பொம்பளைகளுக்குத் தாங்கலைன்னு என்னையக் கூப்புட்டாங்க. ஒரு பக்கம் நான் புடிச்சேன். அப்பத்தான் முதுகைப் பாத்தேன்.

இடது பக்கந்தானுங்க திருப்புனோம்.